பெட்டியில் பன்னிரண்டு, உள்ளே நாலு: சாந்திபுரத்திலிருந்து திருப்பதிக்கு ஒரு பேட்டரியோடு

இந்தப் பெட்டியின் மேல் "12" என்று அச்சடித்தவர் பொய் சொல்லியிருக்கிறார்.

பெயரை எழுதப் போவதில்லை. கறுப்புப் பெட்டி, மேலே மஞ்சள் மின்னல் படம், "எடை குறைவு, பலம் அதிகம்" என்று ஒரு வரி. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற லித்தியம் பேட்டரி அது. சித்தூரில் ஒரு கடையில் 3,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதனால் ஒரு மாட்டின் இருபத்தொரு நாள் வீணாகப் போனது. அதைச் சரிசெய்யத்தான் ஜூலை மாதத்தில் ஒரு நாள், போக 162 கிலோமீட்டர், வர 162 கிலோமீட்டர் வண்டி ஓட்டினேன். அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சாலமோன். குப்பம் பக்கம் சாந்திபுரத்தில் இருக்கிறேன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. ஊரில் எல்லோரும் டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை. விந்துக் குச்சிகளை நைட்ரஜன் கேனில் உறைய வைத்து, வண்டியில் கட்டிக்கொண்டு, யார் வீட்டு மாடு பருவம் வந்து கத்துகிறதோ அங்கே போகிறவன். காலையில் மாடு கத்தினால் மாலைக்குள் ஊசி போட வேண்டும். மாலையில் கத்தினால் மறுநாள் காலை. தவறினால் அடுத்த இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குத் தீனி போடுவது மாட்டுக்காரர்தான், நான் இல்லை.

லித்தியம் பேட்டரி ஏன் வாங்கினேன் என்றால், இரண்டு வருடம் முன்பு ஒரு கலப்பின மாடு என் இடுப்பில் உதைத்தது. கேன் சாயக்கூடாது என்பதால் போகிற இடமெல்லாம் வண்டியை நடு ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை வண்டியைத் தூக்க வேண்டும். நிறைய நைட்ரஜன் ஊற்றினால் கேனே ஆறு கிலோ. பழைய ஈய பேட்டரி மூன்று கிலோ. இது முக்கால் கிலோதான் என்றார்கள். என் இடுப்பு உடனே சரி என்றது.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலை, அடுத்தடுத்து மூன்று மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு நாலாவதுக்குக் கிளம்பினால் வண்டியில் விளக்குகூட எரியவில்லை. இந்த வண்டிக்கு உதைக்கும் கட்டை கிடையாது. கரண்ட் சுத்தமாக இல்லை என்றால் தள்ளினாலும் கிளம்பாது. நாலாவது மாடு ஏழு கிலோமீட்டர் தள்ளி, முனியம்மா வீட்டு மாடு. பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு நான் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம். மாடு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

முனியம்மா மாட்டைப் பார்க்கவில்லை, என் வண்டியைப் பார்த்தாள்.

"டாக்டரு, மொதல்ல உன் வண்டிக்கு ஒரு ஊசி போடு."

அவளுக்கு அது ஒரே மாடு. அதற்கு முன்பும் ஒருமுறை ஊசி பிடிக்கவில்லை. "இன்னொருவாட்டி தப்பிச்சினா சந்தைல வித்துருவேன். சும்மா நின்னு துன்றதுக்கு மாடு எதுக்கு" என்றாள். கோபத்தில் சொன்னது இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்னது.

இருபத்தொன்றாம் நாளுக்கு முந்தைய நாள்தான் நான் திருப்பதிக்குக் கிளம்பியது. மாடு நாளைக்குக் கத்தும், இன்றைக்குள் வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்று கணக்கு. திருப்பதி என்று சொன்னவர் எங்களுக்கு நைட்ரஜன் கொண்டுவரும் வேன் டிரைவர். "பேட்டரின்னா திருப்பதிதாண்ணா. அங்க பத்மான்னு ஒரு அம்மா கீறாங்க. பேட்டரி வாங்கப் போனா நம்மளயே கேள்வி கேட்டு சாவடிப்பாங்க. ஆனா தப்பா குடுக்கமாட்டாங்க."

காலை 5.10. தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய ஈய பேட்டரியை வண்டியில் மாட்டி, லித்தியத்தைப் பையில் போட்டுக் கிளம்பினேன். பழைய பேட்டரிக்கு ஸ்டார்ட்டரைச் சுற்றும் பலம் இல்லை. இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பை ஓட்டும் அளவுக்கு மட்டும் உயிர் இருந்தது. இரண்டாவது கியரில் போட்டுச் சரிவில் உருட்டினால் கிளம்பும். ஆகவே அன்று முழுக்க எனக்குச் சட்டம் ஒன்றுதான்: சரிவு இல்லாத இடத்தில் இன்ஜினை நிறுத்தாதே.

5.55. வெங்கடகிரிகோட்டா, இருபத்தைந்து கிலோமீட்டர். இங்கே நல்ல டீக்கடை நாலு இருக்கிறது. நான் குடித்தது ஐந்தாவதில். டீ சுமார், 12 ரூபாய், ஆனால் வாசல் சரிவாக இருந்தது. தக்காளி மண்டிக்கு வந்த டெம்போக்கள் சாலையை அடைத்து நின்றன. பெட்டிகள் அடுக்குகிற வேகத்தை நின்று பார்க்கலாம். ஒரு பெட்டி கைமாற மூன்று நொடி. எந்தப் பெட்டியிலாவது மேலே நல்லது, கீழே அழுகியது என்று இருந்தால் அன்றைக்கே மண்டியில் சட்டையைப் பிடிப்பார்கள். பேட்டரிக்கு இப்படி ஒரு மண்டி இல்லை என்று அப்போது நினைத்தேன்.

6.25. பலமநேர் போகிற வழி. காட்டை ஒட்டி வளைவில் நாலு வண்டி நிற்கிறது. வனக்காவலர் ஒருவர் கையில் குச்சியோடு நடுச்சாலையில். யானைகள் தக்காளித் தோட்டத்திலிருந்து காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"இன்ஜின் ஆப் பண்ணு" என்றார்.

"பண்ணா கெளம்பாதுண்ணா."

"சத்தம் கேட்டா அது திரும்பும்பா. ஆப் பண்ணு."

"ஆப் பண்ணா நானும் உங்ககூட இங்கயே வேலைக்குச் சேரணும்."

பக்கத்தில் பால் கேன் கட்டின ஆள் சிரித்துவிட்டார். காவலர் சிரிக்கவில்லை. நிறுத்தினேன். ஐந்து யானை, ஒன்று குட்டி. சாலையைக் கடக்க அவசரமே காட்டவில்லை. கடைசியாகப் போன பெரியது நின்று எங்களைப் பார்த்தது. அந்த நிமிடம் நான் யானைக்குப் பயந்ததைவிட என் பழைய பேட்டரிக்குப் பயந்தது அதிகம். கடந்து போனதும் காவலரும் பால்காரரும் சேர்ந்து என்னைத் தள்ளினார்கள். சமதளம். மூன்றாவது முறைதான் கிளம்பியது. காவலர் பின்னாலிருந்து கத்தினார்: "திரும்பி வர்றப்ப நல்ல வண்டில வா!"

7.20. பலமநேர் தாண்டி மொகிலி மலை இறக்கம். முன்பே சொன்ன சட்டத்தின்படி எனக்கு இது சொர்க்கம். எங்கே நிறுத்தினாலும் கிளம்பும். நிறுத்த ஒரு தேவையும் இல்லாமல் இரண்டு இடத்தில் நிறுத்தினேன்.

8.05. சித்தூர், 92 கிலோமீட்டர். மாம்பழச்சாறு ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் ஒரு கிலோமீட்டருக்கு வரிசை. தோத்தாபுரி மாங்காய் வெயிலில் புளித்த வாசனை ஊர் முழுக்க. விவசாயிகள் டிராக்டர் அடியிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நான்கு இட்லி, வேர்க்கடலைச் சட்டினி, 40 ரூபாய். கடைக்காரர் ஊற்றிய சட்டினியின் அளவைப் பார்த்து மனசு நிறைந்தது. இந்த ஊரில் சட்டினியில் யாரும் பொய் சொல்வதில்லை.

9.00. எனக்குப் பேட்டரி விற்ற கடை திறந்தது. வண்டிக்கு ஸ்டிக்கர், விளக்கு, கண்ணாடி விற்கிற கடை. உரிமையாளர் முப்பது வயது இருப்பார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார்.

"அன்னா, பெட்டில 12ன்னு போட்டிருக்கு. நான் போடலியே" என்றார்.

"நீதானே வித்த."

"நூறு பேருக்கு வித்துட்டேன் அன்னா. ஒர்த்தரும் திரும்ப வரல. உங்க வண்டிலதான் ஏதோ கோளாறு."

"உள்ள எவ்ளோ இருக்குன்னு நீ பாத்தியா?"

"சீல் பண்ண பெட்டிய எப்படிப் பாக்கறது? மாம்பழமா, அறுத்துப் பாக்கறதுக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கம்பெனிக்கு நான் ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதியிருந்தேன், பதில் இல்லை. அதைச் சொன்னதும் அவர், "எனக்கே பதில் போடமாட்டாங்க அன்னா, ஆர்டர் குடுத்தா மட்டும் போன் எடுப்பாங்க" என்றார். கடைப் பையன்கள் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிவிட்டார்கள்.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். பூதலப்பட்டு வரை மாந்தோப்பு, அதற்கப்புறம் பாறை மலைகள். புது நெடுஞ்சாலை அகலமானது, தட்டையானது. இந்தச் சாலை போட்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எனக்குச் சரிவு வேண்டியிருந்ததால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாகாலா, சந்திரகிரி எல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்ததுதான். சந்திரகிரிக்கு அப்புறம் மொட்டைத் தலைகள் கூடிக்கொண்டே வந்தன. மலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், மலையேறும் வழக்கம் இல்லை. ஆனாலும் அத்தனை பேர் ஒரே நாளில் சாப்பிட்டு, குளித்து, வரிசையில் நின்று, ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் திரும்புகிறார்களே, அந்த ஏற்பாட்டுக்கு நான் தொப்பியைக் கழற்றுவேன். என் தலையில் ஹெல்மெட்தான் இருந்தது.

10.40. திருப்பதி, காரகம்பாடி சாலையில் ஒரு சந்து. பத்மா அம்மாவின் கடை பத்தடிக்கு எட்டடி. பெயர்ப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருக்கிறது. ஐம்பது வயது, காட்டன் புடவைமேல் நீலக் கோட்டு, காதில் பென்சில். பேட்டரி செய்கிற ஆலை ஒன்றில் பதினொரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். அம்மா வீடு திருத்தணியாம், தமிழ் எங்களைப்போலவே பேசினார், நடுநடுவே தெலுங்கு.

பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். "இது செத்துப்போச்சு. நல்லதா ஒண்ணு குடுங்க."

அவர் பேட்டரியைத் தொடவில்லை.

"வண்டில இன்னா பண்றீங்க?"

"ஓட்டறேன்."

"ஓட்டறது எல்லாரும் ஓட்றாங்க. வேற இன்னா பண்றீங்க? லைட்டு மாட்டிருக்கீங்களா, பாட்டு கேக்கறீங்களா, போன் சார்ஜ் போட்றீங்களா?"

சித்தூரில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி இது. பேட்டரி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான் என்று இப்போது தெரிகிறது.

சொன்னேன். உறைந்த விந்துக் குச்சியை ஊசிக்கு முன்னால் முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட வேண்டும். அதற்கு வண்டி பேட்டரியில் செருகுகிற தண்ணீர் சூடாக்கும் குவளை ஒன்று வைத்திருக்கிறேன். இன்ஜின் ஓடினால் மாடு மிரளும், அதனால் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் சூடாக்குவேன். ஒரு மாட்டுக்கு ஆறேழு நிமிடம்.

அவர் பென்சிலை எடுத்தார். வைத்தார்.

"பைக்குல வெந்நீர் போட்றீங்களா."

"ஆமா."

"குளிக்கறதுக்கும் அதுலதானா?"

கடைக்கு வந்திருந்த ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ஏன், மாடு வெச்சிருக்கற வீட்டுல அடுப்பு இருக்காதா?" என்று பத்மா அம்மா கேட்டார்.

இதற்கு நான் உண்மையைச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். சில ஊர்களில் எனக்கு வெந்நீர் கொடுப்பார்கள். ஆனால் நான் தொட்ட சொம்பைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். "அங்கயே வெச்சிடுப்பா" என்பார்கள். மாட்டின் உள்ளே கைவிட நான் வேண்டும், சொம்பைத் தொட நான் ஆகாது. இரண்டு வருடம் பொறுத்தேன். பிறகு குவளை வாங்கினேன். யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை.

பத்மா அம்மா ஐயோ பாவம் என்று முகத்தைக் காட்டவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. காகிதத்தில் கணக்குப் போட்டார். குவளை எட்டு ஆம்ப் இழுக்கிறது. ஏழு நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒரு ஆம்ப் மணி; பெட்டியின் மேல் போடுகிற நம்பர் இந்த ஆம்ப் மணிக் கணக்குதான். மூன்று மாடு, மூன்று. ஊருக்கு ஊர் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டினால் அதில் பாதிகூடத் திரும்ப ஏறாது.

"பன்னெண்டு இருந்தா தாங்கணும். தாங்கல. அப்ப உள்ள பன்னெண்டு இல்ல."

"எப்படிப் பாக்கறது? சீல் போட்ருக்கே."

"அறுக்கத் தேவையில்ல. ஓடவிட்டுப் பாக்கலாம். எனக்கு அவசரம் இல்ல, உங்களுக்கு?"

எனக்கும் இல்லை என்றேன். அப்போது இல்லை.

முதலில் தராசில் வைத்தார். காய்கறித் தராசு. 740 கிராம். "எடைல மட்டும் சத்தியவான்" என்றார். பிறகு லித்தியத்துக்கு என்றே இருக்கிற சார்ஜரில் போட்டார். ஈய பேட்டரி சார்ஜரில் இதைப் போடக்கூடாது. அந்தச் சார்ஜர் சிலது திடீரென்று வோல்ட்டை ஏற்றி அடிக்கும், இது கெட்டுப்போகும். நான் வீட்டில் இரண்டு முறை அப்படித்தான் போட்டேன் என்று சொன்னபோது, "அந்தப் பாவம் உங்களுது" என்றார். குறித்துக்கொள்ளுங்கள், என் தப்பையும் எழுதுகிறேன்.

11.40. நிறைந்தது. ஒரு பலகையில் இரண்டு பல்பு, ஒரு மீட்டர், ஒரு சுவர்க் கடிகாரம். சரியாக இரண்டு ஆம்ப் இழுக்கும்படி வைத்தார். "பன்னெண்டு இருந்தா சாயந்திரம் அஞ்சே முக்கால் வரைக்கும் எரியணும். எட்டு இருந்தா மூணே முக்கால்."

காத்திருக்கும் நேரத்தில் என் வண்டியை ஆராய்ந்தார். கடை பேட்டரி ஒன்றை மாட்டி இன்ஜினை முறுக்கச் சொல்லி மீட்டரைப் பிடித்தார். 14.2 வோல்ட். "தப்பிச்சீங்க. பதினாலரைக்கு மேல ஏறிச்சின்னா இந்த வண்டிக்கு லித்தியமே தரமாட்டேன். மொதல்ல வண்டியச் சரிபண்ணிக்கினு வான்னு அனுப்பிடுவேன்." பேட்டரி உட்காரும் குழியை அளந்தார். பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிளஸ் மறுபக்கம் இருக்கிற பேட்டரியை வாங்கிவிட்டு ஒயரை இழுத்து மாட்டினால் ஒருநாள் உரசித் தீப்பிடிக்குமாம். இதற்குள் அவரிடம் இரண்டு பேர் பேட்டரி கேட்டு வந்தார்கள். ஒருவரிடம், உங்களுக்குப் பேட்டரி வேண்டாம், ஒயர் துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லித் தேய்த்துக்கொடுத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. விற்காமல் எப்படிக் கடை நடத்துகிறார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேன்.

"அவன் நாளைக்கு நாலு பேரக் கூட்டிக்கினு வருவான். நீங்க சாந்திபுரத்துல இருந்து எப்படி வந்தீங்க?"

12.50. போன். முனியம்மா.

"டாக்டரு, எங்க கீற?"

"திருப்பதில."

"மொட்ட போட்டுக்கினு கீறியா? மாடு காலைல இருந்து கத்திக்கினு கீது. ஒருநா முன்னாடியே வந்துச்சி. இன்னா சொல்ற, வருவியா, சந்தைக்கு ஆளு சொல்லட்டா?"

மாடு என் கணக்கைக் கேட்டுக் கத்துவதில்லை. காலையில் கத்தியது என்றால் மாலைக்குள் போட வேண்டும். 162 கிலோமீட்டர். வீட்டுக்குப் போய்க் கேனை எடுக்க வேண்டும், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர்.

"ஆறரைக்குள்ள வந்துட்றேன்."

"வண்டில வர்றியா, தள்ளிக்கினு வர்றியா?" வைத்துவிட்டாள்.

பத்மா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, சோதனை போதும், பேட்டரியைக் கொடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டெஸ்ட் முடியாம எழுந்துபோனா நாளைக்கு யார்கிட்டயும் பேச முடியாது உங்களால. ரெண்டு மணி வரைக்கும் நில்லுங்க. அதுக்குள்ள புதுச மாட்றேன்."

முதலில் ஈய பேட்டரியைத்தான் காட்டினார். 1,450 ரூபாய். உங்கள் வேலைக்கு இதுவே போதும் என்றார். இடுப்பையும் நடு ஸ்டாண்டையும் சொன்னேன். "ரெண்டு கிலோ குறைக்கவா இவ்ளோ செலவு? தொப்பைய எறக்குனா ப்ரீ" என்றார். பிறகு, சரி, ஒரு நாளைக்குப் பதினைந்து முறை என்றால் நியாயம்தான் என்று உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்தார். வெள்ளைப் பெட்டி, படம் கிடம் இல்லை. மேலே "8" என்று போட்டிருந்தது. 1 கிலோ 290 கிராம். 5,900 ரூபாய்.

"இது எட்டுதானா?"

"நானே ஓடவிட்டுப் பார்த்த சரக்கு. எட்டேகால் வந்துச்சி."

1.38. பல்பு அணைந்தது. மங்கவில்லை, துடிக்கவில்லை, யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல அணைந்தது. உள்ளே இருக்கும் காப்புச் சுற்று துண்டித்துவிட்டது. என் வண்டி அன்றைக்குச் செத்ததும் இப்படித்தான். காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: இரண்டு ஆம்ப், ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். நாலுக்கும் கொஞ்சம் கம்மி.

"நீங்க தப்பான சார்ஜர்ல போட்டதுல கொஞ்சம் போயிருக்கும், அதையும் எழுதிட்டேன். ஆனா அது மிச்சம் எட்டையும் சாப்பிட்ருக்காது."

பெட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்த அளவில் நாலு ஆங்கில எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார். ஈயத்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டுக்குச் சமம் என்று அர்த்தமாம். வண்டியைக் கிளப்புகிற ஒரு நொடி இழுப்புக்கு இந்த நாலு, அந்தப் பன்னிரண்டு மாதிரி வேலை செய்யும். "கெளப்பறதுக்கு அது பொய் இல்ல. நிக்கவெச்சி இழுக்கறதுக்குப் பொய். நிஜ நம்பர எங்கயும் போடல பாருங்க." பார்த்தேன். பெட்டியின் ஆறு பக்கத்திலும் இல்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். உள்ளே எட்டு இருந்திருந்தால்கூட சோதனை முடிய மூன்றே முக்கால் ஆகியிருக்கும், அதுவரை நின்றிருந்தால் முனியம்மா மாடு சந்தைக்குப் போயிருக்கும். அந்தக் கம்பெனி எனக்குச் செய்த ஒரே உதவி அதன் பொய்தான்.

1.55. பொத்தானை அழுத்தினேன். அரை நொடியில் கிளம்பியது. பத்மா அம்மா உள்ளே போய்த் தன் மேசையிலிருந்த எவர்சில்வர் பிளாஸ்க்கை எடுத்து, மிச்ச டீயைக் கீழே ஊற்றி, கழுவி, கெட்டிலிலிருந்து கொதிநீர் நிரப்பி என் பையில் வைத்தார்.

"இனிமே பைக்குல வெந்நீர் போடாதீங்க. எட்டும் ஒருநாள் தீரும். வீட்ல நிரப்பிக்கினு கெளம்புங்க. கண்ணாடி இல்ல, உடையாது."

"அக்கா, இது உங்க பிளாஸ்க்."

"டீ வாசன வரும். மாடு கோவிச்சிக்காது, போங்க. அடுத்தவாட்டி வர்றப்ப கொண்டாங்க."

நான் தொட்டதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான். அதைப் பற்றி மேலே எழுதத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் சித்தூரில் சமதளத்தில், வேண்டுமென்றே சமதளத்தில், வண்டியை நிறுத்தி ஒரு மோர் குடித்தேன். 15 ரூபாய். மொகிலி ஏற்றத்தில் மாங்காய் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தேன். யானை வளைவில் அதே காவலர் மாலைப் பணியில் நின்றிருந்தார். அவர் கேட்காமலேயே இன்ஜினை நிறுத்தி, மறுபடி கிளப்பிக் காட்டினேன். "சரி சரி, போ" என்றார்.

5.50க்கு வீடு. கேனைக் கட்டினேன். 6.15க்கு முனியம்மா வீட்டு வாசல். மாடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்க்கைத் திறந்து, பச்சைத் தண்ணீர் கலந்து, வெப்பமானியில் முப்பத்தேழு பார்த்து, குச்சியைப் போட்டு எடுத்தேன். வேலை முடிந்ததும் முனியம்மா பிளாஸ்க்கை முகர்ந்து பார்த்தாள்.

"மாட்டுக்கு டீ குடுத்தியா?"

"திருப்பதி டீ."

"அப்ப மொட்டையும் போட்டுக்கினு வந்திருக்கலாம்."

அது முடிந்து இன்றோடு இருபத்தைந்து நாள். இருபத்தொன்றாம் நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். மாடு கத்தவில்லை. கைவிட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஆனால் முனியம்மா சந்தைப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது பன்னிரண்டு என்று அச்சடித்தவருக்கு.

என் கேனில் இருக்கும் ஒவ்வொரு குச்சியிலும் எந்தக் காளையுடையது என்று நம்பர் இருக்கிறது. என் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அவ்வளவு சின்னது. மாட்டுக்காரர் யாரும் அதைப் படித்ததில்லை. ஒரு நம்பரைச் சொல்லி வேறு காளையைப் போட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒன்பது மாதம் கழித்துக் கன்று விழும், அதன் முகத்தைப் பார்த்து ஊரே என் வாசலுக்கு வரும். நான் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். உங்கள் பேட்டரி கன்று போடாது. அந்தத் தைரியத்தில்தான் அச்சடித்திருக்கிறீர்கள்.

குவளை மாட்டியது என் தப்பு, சார்ஜர் என் தப்பு, இரண்டையும் பெயரோடு எழுதிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் சொல்லுங்கள். கேள்வி ஒன்றுதான். அந்தக் கறுப்புப் பெட்டியின் உள்ளே நிஜமாக எத்தனை ஆம்ப் மணி இருக்கிறது, அந்த நம்பர் ஏன் பெட்டியில் இல்லை? எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம், புது பேட்டரி அனுப்பிச் சமாதானம் செய்யவும் வேண்டாம். இந்தக் கட்டுரை வருகிற இதே பத்திரிகையில், சித்தூர்க் கடையில் உங்கள் பெட்டியை வாங்கிய நூறு பேரும் படிக்கும்படி, "12" அச்சடித்த அதே அளவு எழுத்தில் பதில் போடுங்கள்.

மாடு கத்தாமல் இருந்தால் எங்கள் தொழிலில் நல்ல செய்தி. நீங்கள் அப்படி இருக்க முடியாது. வாயைத் திறங்கள்.